தையல்காரர் முறை

ஜனவரி 9

துரும்புக்கு,

அறுபது வயதுக்காரனைத் துரும்பு என்று கூப்பிடக் கூடாதுதான். ஆனால் நான்கு தடவை போன் அடித்தும் எடுக்காமல், ஐந்தாவது தடவை மனைவியை விட்டு, "அவரு தூங்குறாரு அக்கா" என்று சொல்ல வைக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிட? காலை பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? கடிதத்திடம் தூங்குவதாகச் சொல்ல முடியாது பார். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அத்தான் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நீ வேலை பார்த்த சிகரெட் கம்பெனி மேல் வழக்குப் போட்ட நாற்பத்திரண்டு குடும்பங்களில் நானும் ஒருத்தி என்பது உனக்குத் தெரியும். அது தெரிந்த நாளிலிருந்துதான் உனக்கு இப்படித் தூக்கம் வருகிறது.

போன வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் வக்கீலம்மா, "அவர் இந்தக் கம்பெனி சிகரெட்தான் பிடிச்சாருங்கறதுக்கு ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லாமலா என்று அவருடைய தையல் கடைக்கு ஓடினேன். அவருடைய பொத்தான் பெட்டிகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். நீ மாதா மாதம் கொண்டுவந்த வெள்ளைச் சிகரெட் பெட்டிகள்தான். காலியானால் அவர் ஒன்றையும் எறிய மாட்டாரே. சட்டைப் பொத்தான் ஒன்றில், கொக்கி ஒன்றில், உடைந்த சாக்குக்கட்டி ஒன்றில் என்று நூற்றுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் காலி செய்து பெருமையாகக் கொடுத்தேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கம்பெனி வக்கீலுக்குத் தோன்றியது. "ஊழியர்களுக்கு மட்டும். விற்பனைக்கு அல்ல" என்று கோர்ட்டில் சத்தமாகப் படித்தார். "இவருடைய கணவருக்கு நாங்கள் ஒரு சிகரெட்கூட விற்றதில்லை. அவர் எங்கள் ஊழியரும் இல்லை. காலிப் பெட்டிகளை எங்கே பொறுக்கினாரோ" என்றார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். என் கையாலேயே என் வழக்கில் மண்ணைப் போட்டுவிட்டு, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார்கள். நீ வந்து ஒரே ஒரு வரி சொன்னால் போதும். "கம்பெனி எனக்குக் கொடுத்தது, நான் என் அத்தானுக்குக் கொடுத்தேன்." பதினாறு வருடத்தில் ஒரு மாதம்கூட நீ வெறுங்கையோடு வந்ததில்லையே. அதைச் சொல்ல என்ன கஷ்டம்?

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

உன் கடிதம் 14ஆம் தேதி கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். இங்கே தண்ணீர்க் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறும்போது கம்பெனி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியது. வேலை தொடர்பான எதையும் வெளியில் பேச மாட்டேன் என்று அதில் இருக்கிறது. ஆறு பக்கம். நான் முழுக்கப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அதை மீறினால் என்ன ஆகும் என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் யோசித்துப் பார். வழக்கில் ஜெயித்தால் மட்டும் அத்தான் திரும்பி வந்துவிடப் போகிறாரா? உனக்கு அறுபத்தாறு வயது. முட்டி வலியோடு கோர்ட் படி ஏறி இறங்கி, கண்டவன் சிரிக்க ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? பெயரை எடுத்துவிட்டால் எடுத்துவிட்டுப் போகட்டும். நிம்மதியாக இரு.

முட்டிக்கு அந்த எண்ணெய் தேய்க்கிறாயா?

தம்பி

பின்குறிப்பு: கம்பெனியின் உள் காகிதங்களையும் கோர்ட் கேட்டிருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். எந்த வருடத்துக் காகிதங்கள் என்று உன் வக்கீலுக்குத் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.


ஜனவரி 28

தம்பிக்கு,

என் முட்டி சௌக்கியம். உன் குழாயும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நிம்மதியாக இருக்கச் சொல்கிறாய். தொண்டையில் ஓட்டை போட்ட பிறகு அவருக்குக் குரல் கிடையாது என்பதை நீ கேள்விப்பட்டாய். நான் பார்த்தேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். இப்போது பக்கத்துக் கடையில் யாராவது எதையாவது தட்டினால்கூட எழுந்துவிடுகிறேன். குரல் போன அந்த ஏழு மாதத்தில் நீ இரண்டு தடவை வந்தாய். இரண்டு தடவையும் வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தாய். பாவம், பிள்ளை தாங்கமாட்டான் என்று அவர் சீட்டில் எழுதிக் காட்டினார்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் என்னையும் கூண்டில் ஏற்றினார். "நீங்க தடுக்கலையாம்மா? கெடுதல்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று தேன் ஒழுகக் கேட்டார். தடுத்தேன் என்றேன். கடைச் சிகரெட் பிடித்த காலத்தில் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். "அப்புறம் ஏன் தடுக்கறதை நிறுத்தினீங்க?" என்றார். லைட் சிகரெட் என்றார்கள், கெடுதல் குறைவு என்றார்கள் என்றேன். "யாரு சொன்னாங்க?" என்றார்.

நான் உன்னைச் சொல்லவில்லை.

ஆனால் உனக்கு ஞாபகம் இருக்கட்டும். அந்த வருடம் இருமி இருமி, அவரே விட்டுவிடுகிறேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். எட்டு நாள் தொடவில்லை. ஒன்பதாம் நாள் நீ முதல் வெள்ளைப் பெட்டியோடு வந்து நின்றாய். "இது லைட் அக்கா, நானே மெஷின்ல அளந்து பாத்திருக்கேன், பயப்படாதே" என்றாய். நீ அளந்தது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சண்டையை விட்டேன். விட்டது மட்டுமில்லை. கை வேலையாக இருக்கிறதே என்று எத்தனையோ நாள் நானே தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்திருக்கிறேன். அதையும் கூண்டில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். மாநாடு போல நிறைந்திருந்த அறையில், புருஷனுக்குக் கொள்ளி வைத்தவள் மாதிரி நின்றேன்.

எனக்கு வந்த அவமானத்தில் உன்னைப் பங்கு எடுக்கச் சொல்லவில்லை. ஒரு வரிதான் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

என்னால் முடியாது.

அந்த ஆறு பக்கக் காகிதம் காரணம் இல்லை. அதைக் காரணமாகச் சொன்னது பொய். அதற்கு மேல் கேட்காதே. உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.


மார்ச் 2

தம்பிக்கு,

கம்பெனிக் காகிதங்கள் வந்துவிட்டன. நீ சும்மாதானே கேட்டாய், நானும் சும்மாதான் சொல்கிறேன்.

அறுபது அட்டைப் பெட்டிகள் வந்தன. வக்கீலம்மாவிடம் அவ்வளவு ஆள் இல்லை. அதனால் வழக்குப் போட்ட பெண்கள் நாங்களே மாடி அறையில் உட்கார்ந்து பிரிக்கிறோம். சிகரெட், புகை, நோய், அளவு என்று எந்தச் சொல் வந்தாலும் அந்தத் தாளில் மஞ்சள் துண்டு ஒட்ட வேண்டும். மின்விசிறிக்குத் தாள் பறக்காமலிருக்க நான் உன் அத்தானுடைய கத்தரிக்கோலைப் பாரமாக வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஒரு தாள் கிடைத்தது. உன் சோதனை அறைத் தலைவர் கையெழுத்துப் போட்டது. பதினாறு வருடத்துக்கு முந்திய தேதி. அப்படியே எழுதுகிறேன்:

"'தையல்காரர் முறை' என்ற பெயரில் நடத்தப்பட்ட அளவீடு அனுமதி பெறாதது. உடனே நிறுத்தவும். பதிவேட்டில் அந்தப் பக்கம் நீக்கப்பட்டதை எழுத்து மூலம் உறுதி செய்யவும்."

பக்கத்தில் இருந்த பஸ் டிரைவர் மனைவி எட்டிப் பார்த்து, "சிகரெட் கம்பெனியில என்ன தையல், சட்டை தச்சாங்களா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அந்தத் தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த அறையில் வேலை பார்த்தது நாலே பேர் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நாலு பேரில் எத்தனை பேர் வீட்டில் தையல்காரர் இருந்தார்?

இன்னும் வக்கீலம்மாவிடம் தாளைக் காட்டவில்லை. நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் சொந்தமான காகிதத்தை, தம்பி மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் திருடி வைத்திருக்கிறேன். இந்த வயதில் எனக்கு இந்தப் பட்டமும் வந்து சேர்ந்தது. பஸ் டிரைவர் மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபதாம் தேதிக்குள் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எந்தத் தையல்காரர், தம்பி?


மார்ச் 9

அக்கா,

அந்தத் தையல்காரர் அத்தான்தான்.

இந்த ஒரு வரிக்கு நான்கு நாள் ஆயிற்று. இனி நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

நான் வேலை செய்த அறையில் சிகரெட் பிடிக்கிற மெஷின் இருந்தது. அதற்கு இருபது வாய். ஒவ்வொரு வாயிலும் ஒரு சிகரெட் சொருகினால் நிமிடத்துக்கு ஒரு தடவை இழுக்கும். இழுத்த புகையில் எவ்வளவு தார், அதாவது நச்சுப் பிசின், இருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பெட்டியில் அச்சடிக்கிற எண் அந்தப் பதிவேட்டிலிருந்து போவதுதான்.

லைட் சிகரெட்டில் புகையிலை ஒன்றும் திருந்திவிடவில்லை. ஃபில்டரைச் சுற்றி ஊசிமுனை அளவில் துளைகள் போட்டிருப்பார்கள். மெஷின் ஃபில்டரின் ஓரத்தை மட்டும் பிடிப்பதால் துளை வழியாகக் காற்றுப் புகுந்து புகையோடு கலந்துவிடும். அளந்தால் குறைவாகக் காட்டும். லைட் என்பது அவ்வளவுதான்.

அத்தான் எப்படிப் பிடிப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு கையும் துணியில் இருக்கும். சிகரெட் கீழே விழுந்து துணி பொசுங்கிவிடக் கூடாது என்று ஃபில்டர் முழுவதையும் உதட்டுக்குள் இழுத்துக் கவ்விக்கொள்வார். நான் லைட் கொண்டுவர ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளை எல்லாம் வாய்க்குள் போய்விட்டதே என்று தோன்றியது.

திங்கட்கிழமை யாரும் சொல்லாமலே இருபது சிகரெட்டிலும், அத்தான் உதடு மூடுகிற மாதிரி, துளை மேல் டேப் ஒட்டி மெஷினில் போட்டேன். பெட்டியில் அச்சடித்திருந்தது நான்கு மில்லிகிராம். வந்தது பதினொன்று. மறுநாளும் பதினொன்று. மூன்றாம் நாள் பன்னிரண்டு. பதிவேட்டில் அதற்குத் தலைப்பு ஒன்று போட வேண்டும். வேறு எதுவும் தோன்றாமல் "தையல்காரர் முறை" என்று எழுதினேன். அத்தானிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

தலைவர் கூப்பிட்டார். "யாருய்யா இந்தத் தையல்காரர்?"

"எங்க அத்தான் சார்."

"மெஷினுக்கு அத்தான் கிடையாது. பக்கத்தைக் கிழிச்சிடு."

கிழித்தேன். அவர் மிரட்டவில்லை அக்கா. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ளவாவது ஒன்று இருந்திருக்கும். ஓரம் பிசிறில்லாமல் இருக்க ஸ்கேல் வைத்துக் கிழித்தேன்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் மாதத்தின் முதல் சனிக்கிழமை. பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அத்தான் ஒன்றை எடுத்துக் கவ்வினார். நீதான் பற்ற வைத்தாய். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "அத்தான், ஓரத்துல புடிங்களேன்." அவர், "ரெண்டு கையும் துணியில இருக்கு மாப்ள, மூணாவது கைக்கு நான் எங்க போக?" என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் கொடுத்தேன். தெரியாமல் கொடுத்தது இரண்டு வருடம், தெரிந்து கொடுத்தது பதினான்கு. உன் வக்கீல் கேட்கிற ஒரு வரியைச் சொல்லக் கூண்டில் ஏறினால் இரண்டாவது வரியையும் கேட்பார்கள் என்றுதான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

தாளைக் கொடுத்துவிடு. எனக்காக நீ திருடியாக வேண்டாம். என்றைக்கு வரவேண்டும் என்று எழுது, வருகிறேன்.


மார்ச் 15

தாளைக் கொடுத்துவிட்டேன். எங்கே இருந்தது என்று வக்கீலம்மா கேட்டார். என் பையில் இருந்தது என்றேன்.

ஏப்ரல் 4, காலை பத்தரை. அடையாள அட்டை கொண்டு வா.

வீட்டுக்கு வராதே. ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜ் இருக்கிறது. கூண்டில் நிற்கும்போது என் பக்கம் பார்க்காதே.


ஏப்ரல் 6

அக்கா,

நீ சொன்னபடி உன் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் நீ எழுந்து போனபோது உன் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீ கேட்டிருக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

மெஷின், துளை, டேப், கிழித்த பக்கம் எல்லாம் சொன்னேன். உன் வக்கீலம்மா உட்கார்ந்த பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. "அந்தத் தையல்காரர் யார்?" என்றார். என் அக்கா வீட்டுக்காரர் என்றேன். "அப்ப எங்க கம்பெனியில வேற யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, உங்களுக்கு நிச்சயமாத் தெரியும். தெரிஞ்சும் ஏன் கொடுத்தீங்க?" என்றார். அப்போதுதான் நீ எழுந்து போனாய்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்தேன். அப்புறமும் வரவில்லை. "சாட்சி பதில் சொல்லவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். ரயிலில் ஒன்பது மணி நேரம் அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். அந்த வக்கீலுக்கு வேண்டாம். உனக்குச் சொல்கிறேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது நீ. நான் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன பேன்ட், அத்தான் தன் கல்யாணக் கோட்டைப் பிரித்துத் தைத்தது. வேலை கிடைத்த பிறகும் நான் உன் வீட்டுக்கு வரும்போது கையை வீசிக்கொண்டு வருவேன், போகும்போது அவர் தைத்த சட்டையோடு போவேன். அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் கூசும். பிறகு கம்பெனி ஊழியர் பெட்டி கொடுக்க ஆரம்பித்தது. முதல் தடவை அதை நீட்டியபோது அத்தான், "இங்க பாரு, துரும்பு நமக்குக் கொண்டு வந்திருக்கான்" என்று உன்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் காட்டியதில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்த மறுநாள் உன் தெரு முனையில் பெட்டியோடு ரொம்ப நேரம் நின்றேன். சாக்கடையில் போட்டுவிட்டு வரலாம் என்றுதான் நின்றேன். போட்டுவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு உன் வாசலுக்கு வர எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. வேறு காரணம் எதுவும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவு அற்பமான வெட்கத்துக்கு அத்தானைக் கொடுத்துவிட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 15

துரும்புக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று உத்தரவு போடுகிற அளவுக்கு நீ பெரிய மனுஷன் ஆகவில்லை.

முதலில் செய்தி. என் பெயரை எடுக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அந்தத் தாளையும் உன் சாட்சியையும் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். வழக்கு இன்னும் எத்தனை வருடம் இழுக்குமோ தெரியாது. பஸ் டிரைவர் மனைவி படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தையல்காரர் உங்க வீட்டுக்காரரா? தெரியாம சிரிச்சிட்டேன்மா" என்று அழுதார். அந்தத் தாளை ஒளித்து வைத்த கதையை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. இனி வருமா என்றும் தெரியவில்லை. தெரு முனையில் நீ நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன். சாக்கடை அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் உன்னை நாலு அறை அறைய வேண்டும் போல் இருந்தது.

அன்றைக்கு நான் எழுந்து போனது உன் மேல் இருந்த கோபத்தால் என்று நினைத்திருப்பாய். ஏன் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதும், நீ பதில் தேடிக்கொண்டிருந்தபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அந்த முதல் சனிக்கிழமைகளில் நீ வந்து தட்டினால் நான்தான் கதவைத் திறப்பேன். திறந்ததும் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் துரும்பு. உன் கையைத்தான் முதலில் பார்ப்பேன். பெட்டி இருந்தால், "வந்துட்டான் பாருங்க" என்று உள்ளே குரல் கொடுப்பேன். நீ அதைப் பார்க்காமலா இருந்திருப்பாய்?

பொத்தான் பெட்டிகள் எல்லாம் கோர்ட்டிலேயே இருக்கின்றன. கடை மேஜை மேல் பொத்தான்கள் கொட்டினபடி கிடக்கின்றன. சட்டைப் பொத்தானும் கோட்டுப் பொத்தானும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கண் மங்கலாகிவிட்டதால் என்னால் பிரிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பேச வேண்டியதில்லை.

முதல் சனிக்கிழமை வா. வெறுங்கையோடு வா.

அக்கா